காக்கைக்காக வரைந்த நடைபாதை

இனி எவராவது என் எதிரில் ‘லேண்ட்ஸ்கேப் டிசைன்’ (அதுதான், புல்வெளி, செடி, நடைபாதை வடிவமைப்பு) என்று வாயைத் திறந்தால், இருபது கிலோ பெட்டி ஒன்றைத் தலையில் ஏற்றி, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலிருந்து என் பிளாக் வரை நடக்க விடப் போகிறேன். புல்லை மிதிக்காமல்.

நேற்று சாயங்காலம், தூறல் வேறு. டெலிவரி வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை, சரி. பெட்டியைத் தூக்கினேன். கேட்டில் நின்றால் என் பிளாக்கின் கதவு நேர் எதிரே தெரியும். கைப்பிடியில் யாரோ மாட்டிவிட்டுப் போன துணிப்பை கூடத் தெரிந்தது. நாற்பது தப்படி. ஆனால் நடைபாதைக்கு அது பிடிக்காது. முதலில் இடது பக்கம் வளையும். அங்கே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, வளைய வேண்டும் என்று ஒரு வளைவு. அப்புறம் நேர்த்திக்கடன் மாதிரி ஒரு கூழாங்கல் வட்டத்தைச் சுற்றும். அப்புறம் மூன்று படி. பக்கத்தில் சாய்தளம் கிடையாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான பால பாடம். இங்கே கூழாங்கல்லுக்கு இடம் உண்டு, சக்கரத்துக்கு இல்லை. மொத்தம் 212 தப்படி. ஆமாம், எண்ணியிருக்கிறேன்.

இந்த வளைவெல்லாம் மேலிருந்து பார்ப்பவருக்கு. விற்பனைப் படத்தில் எல்லாமே வானத்திலிருந்துதானே தெரியும்? நான் காக்கை இல்லை. காக்கையே நேராகத்தான் பறக்கும்.

எனக்கு முன்பே ஊர்ப்பட்ட பேர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். புல்லின் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒற்றையடிப் பாதை தேய்ந்து கிடக்கிறது. இதற்கு ‘டிசையர் லைன்’ என்று திட்டமிடுபவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். கால் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அங்கே கல் பதித்த புண்ணியவான்களும் உண்டு. எங்கள் குடியிருப்பில் என்ன செய்தார்கள்? தடத்தின் குறுக்கே முள்செடி நட்டார்கள். ஜனம் செடியைச் சுற்றி இன்னொரு தடம் போட்டுவிட்டது.

1929இலேயே நியூ ஜெர்சியில் ராட்பர்ன் குடியிருப்பை வரைந்த கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும், நடப்பவர் காருக்கு நடுவே புகுந்து போக வேண்டாம் என்று சாலைக்கு அடியிலேயே வழி வைத்தார்கள். எங்களுக்குச் சுரங்கம் வேண்டாம் சாமி, ஒரு நேர்கோடு போதும்.

விட்டதைச் சொல்கிறேன். புல்லில் கால் வைத்தேன். வாட்ச்மேனின் விசில்.

“சார், புல்லு கெட்டுப் போகும்.”

“கெட என்னப்பா மிச்சம் இருக்கு?”

நின்ற இடத்தில் செருப்பு சளக்கென்று உள்ளே போனது. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு வைத்திருந்தால் தண்ணீர் பாட்டுக்கு ஓடியிருக்கும். கட்டும்போது கனரக வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிவிட்டு, அதன்மேல் பாய் மாதிரி புல்லை விரித்தால் கீழேயும் இறங்காது. ஒதுங்கலாம் என்றால் இருப்பதெல்லாம் பனை வகையறா. விளக்குக்கம்பத்துக்கு விசிறி கட்டிய மாதிரி. வெயிலில் நிழல் தராது, மழையில் குடையும் ஆகாது.

“ரூல்ஸ் சார், நான் என்ன பண்ண?” என்றார் அவர். பெட்டியை இறக்காமலே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், மழையில், டைமர் வைத்த ஸ்பிரிங்க்ளர் திறந்துகொண்டது. சுற்றிச் சுற்றி இரண்டு பேரையும் அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நேராக, புல்லின் மேலேயே நடந்தோம்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், புத்தக அலமாரிக்கு எட்டுத் திருகாணி வேண்டும். உள்ளே ஏழுதான் இருக்கிறது. எட்டுக்கு ஏழு! எண்ணிப் போடத் தெரியாதா இவர்களுக்கு?