செபமாலை 1208-இல் இன்றைய வடிவிலேயே வந்ததா?

அக்டோபர் வந்தால் ஒரு படம் சுற்றும்: '1208-இல் மாதா தோன்றி, புனித சாமிநாதரிடம் இன்று நாம் சொல்லும் செபமாலையை அப்படியே கொடுத்தார்.' 'அப்படியே' என்ற சொல்தான் தவறு.

செபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' செபத்தில், 'தூய மரியே, இறைவனின் தாயே' என்று தொடங்கும் பின்பாதி, இன்றைய வடிவில் 1568-இல்தான் குருக்களும் துறவிகளும் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலை நூலில் இடம்பெற்றது. அதை வெளியிட்ட திருத்தந்தை ஐந்தாம் பயஸும் சாமிநாதர் நிறுவிய சபையின் துறவிதான். செபமாலையில் தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்வுகளில், ஒளியின் மறைபொருள்கள் என்ற தொகுதியோ 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது!

சரி, மாதா தோன்றிய காட்சி? சாமிநாதர் 1221-இல் இறந்தார். அவரை நேரில் அறிந்தவரும், அவருக்குப் பின் சபையை வழிநடத்தியவருமான சாக்சனி ஜோர்டான் எழுதிய வரலாற்றில் செபமாலைக் காட்சியே இல்லை. 1233 புனிதர் பட்ட விசாரணைச் சாட்சியங்களிலும் இல்லை. இந்தக் கதையைப் பரப்பியவர், 1475-இல் மறைந்த அதே சபைப் போதகர் ஆலன் தெ லா ரோஷ். ஊர் ஊராகப் போதித்துச் செபமாலைச் சங்கங்களை வளர்த்தவர் அவர்.

இதனால் அந்தச் சபையின் மாதா பக்தி பொய்யாகிவிடாது. ஜோர்டான் காலத்திலேயே இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இரவுச் செபம் முடிந்ததும் துறவிகள் 'வாழ்க அரசியே' என்ற மாதா பாடலைப் பாடிக்கொண்டு பவனி போனார்கள். இன்றும் அந்தப் பாடலோடுதான் அவர்கள் நாளை முடிக்கிறார்கள்.