ஒன்றும் செய்யாவிட்டால்

சென்ற வாரம் நடந்த டெங்கு மீளாய்வுக் கூட்டத்தின் ஒளிப்பதிவுத் துண்டை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே ஒன்பது பேர் அனுப்பியிருந்தார்கள். ஆகவே அதை இங்கே மீண்டும் பகிரமாட்டேன். பொறுப்பான பதவியில் உள்ள ஒருவர் "தங்கச்சியின்ர கொம்பியூட்டர் சொன்ன சாத்திரம் பொய்ச்சுப் போச்சு" என்கிறார், மண்டபம் சிரிக்கிறது, அந்தப் பிள்ளை தன் தாள்களை அடுக்கியபடி தலைகுனிந்து நிற்கிறாள். டெங்கு எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொன்னவள் அவள். என்னிடம் கணிதம் படித்தவள். நான் பக்கம் சார்ந்து எழுதுகிறேன் என்று சொல்ல நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடலாம். பக்கம் சார்ந்துதான் எழுதுகிறேன், எழுதுவது உண்மை.

நவம்பரில் இதே மண்டபத்தில் அவள் சொன்ன வாக்கியம் முழுமையாக இதுதான்: "ஒன்றும் செய்யாவிட்டால், தை மாதக் கடைசியில் நோயாளர் தொகை போன வருடத்தைவிட மூன்று மடங்காகக்கூடும்." பரப்பப்படும் துண்டில் முதல் இரண்டு சொற்களும் இல்லை. எங்கள் மொழியில் நிபந்தனை முன்னால் வரும், முற்று கடைசியில் வரும். எச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு முற்றை மட்டும் ஊருக்குக் காட்டுவது மிகவும் எளிது. வெட்டியவருக்கு அது விளங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நவம்பரில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சென்ற வாரமும் அதே மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு சொற்களும் தெரியும். ஒருவர்கூட எழும்பிச் சொல்லவில்லை.

ஒன்றும் செய்யாவிட்டால் என்றாள். நாங்கள் செய்தோம். அவள் வரைபடத்தில் சிவப்பிட்டுக் காட்டிய கிராம அலுவலர் பிரிவுகளில்தான் முதலில் இறங்கினோம். பாதியில் நின்றுபோன வீட்டுத்திட்ட வீடுகளின் தொட்டிகள், வெளிநாட்டில் இருப்போரின் பூட்டிய வளவுகளில் கிடந்த ரயர்கள், சிரட்டைகள், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எனது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு சனிக்கிழமைகள் வந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் திரிந்தார். தை வந்தது, அந்த மூன்று மடங்கு வரவில்லை. இதைப் பார்த்து "கணிப்புப் பொய்த்தது" என்று சொல்பவர், எங்கள் பிள்ளைகளின் நான்கு சனிக்கிழமைகளையும் சேர்த்தே பொய்யாக்குகிறார்.

இரணைமடுவை வைத்துச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் விளங்கும். குளத்துக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் கணக்கிட்டு, கதவைத் திறக்காவிட்டால் அணைக்கட்டுக்கு ஆபத்து என்று ஒரு பொறியியலாளர் சொல்கிறார், கதவு திறக்கப்படுகிறது, அணைக்கட்டு நிற்கிறது. அணைக்கட்டு உடையவில்லை, ஆகவே பொறியியலாளர் பொய் சொன்னார் என்று யாராவது சிரித்தோமா? 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, கதவுகளை முன்னரே திறந்திருக்கலாமே என்று கோபப்பட்டவர்கள் நாம்தான். முன்கூட்டிச் சொல்லும் கணக்கின் அருமை அன்று நமக்குத் தெரிந்திருந்தது.

டெங்குக்கு அந்தக் கணக்கு ஏன் வேண்டும் என்றால், கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் நேரத்துக்குள் காரியம் பிந்திவிடுகிறது. முட்டை நுளம்பாக வளர ஏறக்குறைய ஒன்றரைக் கிழமை. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பு அடுத்தவருக்குத் தொற்றவைக்கும் நிலைக்கு வர 8 முதல் 12 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்க 4 முதல் 10 நாள். ஒரு சுற்றுக்கே ஒரு மாதம் போய்விடும். ஒருவரிடமிருந்து இருவருக்கும் இருவரிடமிருந்து நால்வருக்கும் போக மேலும் சுற்றுகள் வேண்டும். ஐப்பசி மழையின் காய்ச்சல் மார்கழியிலும் தையிலும்தான் வாட்டுக்கு வரும். வாட்டு நிரம்பிய பின்னர் புகை அடிக்க ஓடினால், நாம் துரத்துவது முடிந்துபோன மாதத்தின் நுளம்பைத்தான்.

இந்தக் கணக்குக்கு மாதிரியுரு என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. ஊரவரைக் கணக்கில் மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள்: இனி நோய் வரக்கூடியவர், இப்போது நோயுற்றிருப்பவர், குணமானவர். ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதுவார்கள். 1927 இல் கெர்மாக், மெக்கென்றிக் என்ற இருவர் அதை எழுதி, பம்பாயில் 1905–06 இல் பரவிய கொள்ளைநோயின் மரணக் கணக்கோடு பொருத்திக் காட்டினார்கள். அவர்களுக்கும் முன்னர், 1897 இல் சிக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்ட் றொஸ் இதே வழியில் போனார். நுளம்பு முழுவதையும் ஒழிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு, முழுவதையும் ஒழிக்கத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் நோய் தானாகவே அணையும் என்று கணக்கால் பதில் சொன்னார். அந்தக் கணக்கைத்தான் இன்று கணினி மழை, வெப்பம், நுளம்புக் குடம்பிக் கணக்கெடுப்பு எல்லாம் சேர்த்து ஆயிரம் தடவை போட்டுப் பார்க்கிறது. தொட்டிகளை மூடினால் எப்படி, மூடாவிட்டால் எப்படி, இரண்டு கிழமை பிந்தினால் எப்படி என்று மனிதரில் சோதிக்க முடியாததைத் தாளில் சோதிக்கிறது. இதில் சாத்திரம் எங்கே இருக்கிறது?

இனி எனக்கு வரப்போகும் பதில்கள். "லண்டனில் கொரோனாக் காலத்தில் ஐந்து இலட்சம் பேர் சாவார்கள் என்றார்களே, செத்தார்களா?" என்று ஒருவர் ஏற்கெனவே உள்பெட்டியில் கேட்டுவிட்டார். 2020 மார்ச் 16 இல் இம்பீரியல் கல்லூரிக் குழு வெளியிட்ட அறிக்கையில் பிரித்தானியாவுக்கு 510,000 மரணம் என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு முன்னாலும் "ஒன்றும் செய்யாவிட்டால்" என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதையும் வெட்டித்தான் உலகம் முழுவதும் பரப்பினார்கள். 2014 இல் எபோலா பற்றி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொன்ன 14 இலட்சத்துக்கும் இதே கதிதான். இறுதியில் நோயுற்றவர் ஏறத்தாழ 28,600 பேர். இடையில் உலகம் மருத்துவர்களை அனுப்பியது, சிகிச்சை நிலையம் கட்டியது, சடலங்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தது. இவை எல்லாம் நடந்தும் 14 இலட்சம் வந்திருந்தால்தான் அந்தக் கணக்கு மெய் என்பார்களா?

மாதிரியுருக்கள் பிழைத்ததும் உண்டு. 2001 இல் பிரித்தானியாவில் கால்நடைகளுக்குக் கோமாரி வந்தபோது, மாதிரியுரு சொன்னதென்று நோயில்லாத அயல் பண்ணைகளின் விலங்குகளையும் கொன்றார்கள். எல்லாமாக 60 இலட்சத்துக்கு மேல். அது தேவைதானா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். தொட்டியை மூடச் சொன்ன எங்கள் பிள்ளைக்கு அதை எடுத்துக் காட்டுவது நியாயமில்லை.

"களத்தில் இருபது வருடம் நின்றவனுக்குத் தெரியாதது கணினிக்குத் தெரியுமா?" என்பது அடுத்தது. களத்தில் நின்றவரிடமிருந்துதான் அவள் எல்லா எண்களையும் வாங்கினாள். எந்த வளவில் நாய் நிற்கிறது, எந்த வீட்டார் கதவு திறக்கமாட்டார்கள் என்பதுவரை கேட்டு எழுதினாள். அவருடைய அனுபவத்தைக் கணக்காக மாற்றினாளே தவிர, அவரை மாற்றி உட்கார வரவில்லை. அவரும் அன்று சிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

"வரவில்லைத்தானே, பிறகு ஏன் இவ்வளவு ஆரவாரம்" என்ற கதையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1963 இல் இந்த நாடு முழுவதிலும் மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வரவில்லைத்தானே என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். ஆய்வும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். என் அம்மா அந்த அலையில் தன் தங்கையை இழந்தவர். பின்னர் போர்க்காலத்தில், 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவில் படுத்தபோது, வடக்கும் கிழக்குமே அதன் பெருஞ்சுமையைத் தாங்கின. எனக்கே அந்தக் காலத்தில் நான்கு தடவை வந்தது. மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு குளோரோகுயின் கசப்பை விழுங்கிய எங்களுக்கு, உள்நாட்டிலேயே பரவும் மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்றுபோனதும், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்ததும் சாதாரண செய்தியா? அதே 2016 இன் கடைசியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரிபென்சி என்ற புதிய நுளம்பு கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த நுளம்பு 2012 இல் ஆபிரிக்க நாடான ஜிபுட்டியில் காணப்பட்டது. அந்த வருடம் அங்கே 27 ஆக இருந்த மலேரியா நோயாளர் தொகை, 2020 இல் 73,000 ஐத் தாண்டியது. மன்னாரின் எந்தக் கிணற்றை முதலில் பார்ப்பது என்று நாளை யாரைக் கேட்பீர்கள்? சிரித்து அனுப்பிய பிள்ளையையா?

ஒரு மாதிரியுருவுக்குள் இடப்படும் முதல் எண் மக்கள் தொகை. அந்த எண் பிழைத்தால் பின்வருவதெல்லாம் பிழைக்கும். இதை வன்னியில் யாரும் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 தொடக்கத்தில், போருக்குள் சிக்கி இங்கே இருப்பவர்கள் எழுபதாயிரம் அளவில்தான் என்று சொல்லப்பட்டது. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கு ஏற்பவே நினைக்கப்பட்டன. முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே 280,000 க்கு மேல். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், என்ன ஆனார்கள் என்று தெரியாத 146,679 பேருக்குக் கணக்குக் கேட்டார். முல்லைத்தீவுக் கடற்கரையில், வலைஞர்மடத்தில் தறப்பாளுக்குள் வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்த என் தம்பியின் மகனுக்காக கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பொதி ஒன்றுக்கு நான் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் இருபது, முப்பது பேர் நின்றிருப்பார்கள். பெட்டியில் மிஞ்சியிருந்தது என் கைக்கு வந்ததோடு முடிந்தது. எங்கள் பிள்ளை பிழைத்தான். பின்னால் நின்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாது.

அவளும் அப்போது ஏழு வயதில் அந்தக் கடற்கரையில் இருந்தவள். எங்கள் ஊரின் ஒவ்வொரு வீட்டையும், வீட்டுக்குள் எத்தனை பேர் என்பதையும், எத்தனை தொட்டி என்பதையும் ஒன்றும் விடுபடாமல் எண்ண வேண்டும் என்று ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதை அவளிடம் நான் கேட்டதில்லை.

நேற்று இரவு பேசினாள். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரீச்சர், போன வருடத்துக் குடம்பிப் பதிவேட்டில் இரண்டு கிராம அலுவலர் பிரிவுகள் இல்லை, ஆரிட்டக் கேட்கலாம்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த பருவ மழைக்கான திட்டக் கூட்டம் வரும் மாதம் நடக்கிறது. அழைப்புக் கடிதங்கள் போய்விட்டன. எங்கள் பாடசாலைக்கும் வந்திருக்கிறது. அவளுக்கு இன்னும் வரவில்லை.