கீயாவுக்குச் சாப்பாடு போடாதீர்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஆர்தர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாயில் எடுத்துப் போடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆலிவ் பச்சையில் ஒரு பெரிய மலைக்கிளி, அதுதான் கீயா, கார் மேல் வந்து உட்காரும். வளைந்த அலகை ஜன்னல் ரப்பருக்கு அடியில் விட்டு நெம்பி, நீளமாக உரித்து இழுக்கும். சுற்றி நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே சிப்ஸ் நீட்டுவார்கள்.

தயவுசெய்து நீட்டாதீர்கள். தீனிக்குப் பழகிய பறவை கட்டடங்களைச் சுற்றியே திரியும். அங்கே பழைய வீடுகள், மலைக் குடில்களின் கூரையில் காரீயத் தலை வைத்த ஆணிகளும் காரீயத் தகடுகளும் இருக்கின்றன. எதைக் கண்டாலும் கடித்துப் பார்ப்பது கீயாவின் சுபாவம். காரீயமோ மிருதுவானது, போதாக்குறைக்கு இனிப்பு வேறு. ரத்தத்தில் ஏறி நரம்பையும் மூளையையும் கெடுத்துக் கொன்றேவிடும்.

அந்தச் சுபாவம் சாதாரணமானதும் இல்லை. மேல் அலகை இழந்த புரூஸ் என்ற கீயா, சின்னக் கூழாங்கல்லை நாக்குக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு இறகு கோதுவதை 2021-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகவே கண்டுபிடித்தது!

இந்த இனத்துக்கு ஏற்கெனவே செய்த பாவம் போதாதா? ஆட்டின் முதுகில் உட்கார்ந்து கொழுப்பைக் கொத்துகிறது என்று பண்ணைக்காரர்கள் புகார் சொல்ல, 1860களில் தொடங்கி சுமார் நூறு வருஷம் அதன் தலைக்குச் சன்மானம் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் கீயாக்கள் கொல்லப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சில பறவைகள் ஆட்டைக் கொத்தியது உண்மைதான். அதற்காக மொத்த இனத்தையுமா கொல்வது? முழுப் பாதுகாப்பு 1986-ல்தான் வந்தது. இப்போது மிஞ்சியிருப்பவை 3,000 முதல் 7,000 வரை.

சரி, காட்டுக்குள்ளேயே இருந்தால் தப்பிக்குமா? அதுவும் இல்லை. தரையில், பாறை இடுக்கிலும் வேருக்கடியிலும்தான் கூடு. குஞ்சு வளர்ந்து கூட்டை விட்டு வெளியே வர மூன்று மாதம் ஆகும். முயலை ஒழிக்க 1880களில் கொண்டுவந்து விட்ட ஸ்டோட் என்ற ஊனுண்ணி உள்ளே புகுந்து முட்டை, குஞ்சு, அடைகாக்கும் தாய் என்று எல்லாவற்றையும் தின்றுவிடும். அதைக் கட்டுப்படுத்துவது முடிவே இல்லாத வேலை.

காரீய ஆணி அப்படி இல்லை. பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்தால் தீர்ந்தது. பறவை ஆர்வலர்கள் பல கூரைகளில் மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதை நன்கொடையை நம்பி ஏன் செய்ய வேண்டும்? கொல்வதற்குப் பொதுப் பணம் கொடுத்த நாடு, மிச்சமிருக்கும் கூரைகளை மாற்றும் செலவையும் பொதுப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.