விலையைத் தொடாத விதிகள்

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்தது. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அது திட்டமிட்டு வைத்த தீ என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு என்று அவர்கள் தப்பிக்க முடியாமல் போனதற்கு அந்தக் கட்டடம்தான் காரணம். இத்தனைக்கும் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

இஎஸ்ஜி என்கிற சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் சார்ந்த விதிகளைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் எனக்கு அந்தச் சான்றிதழ்தான் ஞாபகம் வருகிறது. இந்த விதிகளுக்கு நான் எதிரி இல்லை. சட்டையும் சோப்பும் சாக்லேட்டும் விற்பவர்களைச் சட்டம் போட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். என் வருத்தம் வேறு. விதியைப் பெரிய நிறுவனத்துக்குப் போடுகிறோம், வேலையும் செலவும் கீழே இருப்பவர் தலையில் போய் விழுகின்றன.

பிராண்ட் தன் சப்ளையரோடு போடும் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு பிரிவு சேரும். குழந்தைத் தொழிலாளர் கூடாது, ஓவர்டைம் வரம்பைத் தாண்டக் கூடாது, கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். சப்ளையர் கையெழுத்துப் போடுவார். பல நேரம் ஆலைக்கு நேரில் வந்து சோதிக்கும் ஆடிட்டின் செலவும் அவருடையதுதான். அப்புறம் அதே பிராண்டின் கொள்முதல் பிரிவிலிருந்து மெயில் வரும்: விலையைக் குறை, நிறத்தை மாற்று, ஆனால் சரக்கு பழைய தேதிக்கே வந்தாக வேண்டும். ஆலை என்ன செய்யும்? ஷிஃப்ட் நீளும். பாதி வேலை எந்த ஆடிட்டரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்னப் பட்டறைக்குக் கைமாறும்.

காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். காபி, கோகோ, பாமாயில், ரப்பர், சோயா, மரம், மாடு, இவற்றிலிருந்து செய்யும் ஏராளமான பொருட்கள் எதுவும் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வரக் கூடாது. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஆறு தசம இடம் வரை வேண்டும். 4 ஹெக்டேரைத் தாண்டினால் எல்லையையே வரைந்து காட்ட வேண்டும். உலகின் கோகோவில் பெரும்பகுதி சிறு விவசாயிகளுடையது. அவர்கள் அளந்து, பதிந்து, ஆவணம் தேடிக் கொடுப்பதற்காக மூட்டைக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அமலாக்கத்தையும் இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இப்போது 2026 டிசம்பர் இறுதி. முன்கூட்டியே செலவு செய்து தயாரானவர்களுக்குத்தான் நஷ்டம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் 'அக்கார்ட்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆய்வறிக்கைகளை யாரும் படிக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், பாதுகாப்பு வேலைகளின் செலவை ஆலை தாங்கும்படி வணிக நிபந்தனைகளை அமைப்பது பிராண்டின் கடமை என்று எழுதி வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் பொறியாளர்கள் நுழைந்தார்கள். பூட்டும் கதவுகள் அகற்றப்பட்டன, தீத்தடுப்புக் கதவுகள் வந்தன.

2024இல் வந்த ஐரோப்பிய விநியோகச் சங்கிலிப் பொறுப்புச் சட்டத்திலும் இந்தச் சிந்தனை கொஞ்சம் இருந்தது. தீங்கைத் தடுக்கத் தேவைப்பட்டால் நிறுவனம் தன் கொள்முதல் முறையையே மாற்ற வேண்டும் என்றது. ஆனால் 1,000 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கே சட்டம் என்று இருந்த வரம்பை 2025 டிசம்பரில் 5,000 ஆக உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாக இருந்த வழியையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இதை ஜீரணிக்க முடியவில்லை.

சரி, சட்டத்தைச் சுருக்கியே தீர வேண்டுமென்றால் சப்ளையர்களை நிரப்பச் சொல்லும் இருநூறு கேள்விகள் கொண்ட படிவங்களைச் சுருக்கட்டும். சப்ளையருக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் போகிறது, உறுதியான ஆர்டரை எத்தனை முறை மாற்றினார்கள், கொள்முதல் விலை போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா என்பதை ஒவ்வொரு பிராண்டும் ஆண்டறிக்கையில் போடட்டும். இவை கொள்முதல் பிரிவின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் எண்கள்தான். இதற்காக எந்த விவசாயியும் தோட்டத்தை அளக்க வேண்டியதில்லை.