நாலடி மரமும் நாலு பேர் ரசனையும்

டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் சண்டையும் வந்துவிடும். இருப்பது நாலடி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று. அதை எப்படி ஜோடிப்பது என்பதில்தான் தகராறு. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு எல்லாம் வெள்ளையும் வெள்ளியுமாக இருக்க வேண்டுமாம். ‘தீம்’ என்கிறாள். வீட்டுக்காரருக்கோ ஏழு கலரில் சீரியல் லைட் மினுக்கு மினுக்கென்று எரிய வேண்டும், தமுக்கத்துச் சித்திரைப் பொருட்காட்சி மாதிரி. அத்தை ஒரு படி மேலே. சவுக்குக் கிளையை வாளி மண்ணில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனி என்று போட்டால்தான் அது மரமாம். டிசம்பர் மத்தியானத்திலும் வியர்க்கிற மதுரையில் பனி!

சரி, மகள் சொன்னபடியே வாங்குவோம் என்று விளக்குத்தூண் பக்கம் போனேன். வெள்ளி உருண்டை மட்டும் கேட்டால், “கலந்துதான்க்கா வரும்” என்று சிவப்பும் பச்சையுமாக ஒரு டப்பாவை நீட்டுகிறார் கடைக்காரர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா ஊரில் கண்ணாடியை ஊதிச் செய்த உருண்டை, நம் கைக்கு வரும்போது பிளாஸ்டிக்காகி, கொக்கியும் இல்லாமல் வருகிறது. நூல் கோத்தது யார்? நான்தான். இருபத்து நாலு முடிச்சு.

நேற்று ராத்திரி ஒருவழியாக வெள்ளை மரம் தயார். காலையில் பார்த்தால் நடுவில் சீரியல் லைட் சுற்றியிருக்கிறது. உச்சியில் ஸ்டாரைக் காணோம். அத்தையின் பழைய அட்டை வானதூதர், ஒரு இறக்கையோடு சாய்ந்து நிற்கிறார். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இதற்குத் தூசி தட்டப்போவதும் நான்தான்.