பேங்க்சியாவுக்கு எலும்புத்தூள் வேண்டாம்

மேலே ஒருவர், "பேங்க்சியா மணல் காட்டுச் செடி, சத்தே இல்லாத மண்ணில் திணறுகிறது, எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் தாராளமாகப் போட்டால் பூ அள்ளும்" என்று எழுதியிருக்கிறார். அதை நம்பிப் போட்டுவிடாதீர்கள், இரண்டுமே பாஸ்பரஸ் உரங்கள், செடி போய்விடும்.

அது திணறவெல்லாம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வடக்கே இருக்கும் மணற்புதர்வெளி, உலகத்திலேயே பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்களில் ஒன்று. ஹூக்கர் பேங்க்சியா போன்றவை அங்கேதான் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்குகின்றன. மழைக்காலத்தில் இலைச்சருகை விலக்கினால் மேலாகவே நுண்வேர்கள் பாய் மாதிரி பின்னிக் கிடக்கும். அந்த வேர்கள் சிட்ரேட் போன்ற அமிலங்களைக் கசியவிட்டு, இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கழற்றி எடுக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், இப்படி இழுத்துப் பழகிய செடிகள் பலவற்றுக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. உரத்தைக் கொட்டினால் அளவு மீறி இழுத்துக்கொள்ளும், அப்புறம் இலை மஞ்சளாகி ஓரம் கருகும். அதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று இன்னொரு கைப்பிடி போடுவார்கள், அதோடு கதை முடிந்தது! (சில வகைகள் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதை வைத்து எல்லாவற்றுக்கும் சொல்லக்கூடாது.)

உரம் போட்டே ஆகவேண்டுமா, பாஸ்பரஸ் குறைந்த, மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சமாகப் போதும். டிஏபி (பாஸ்பரஸ் நிறைந்த ரசாயன உரம்) பக்கமே போகாதீர்கள். செடியைச் சுற்றி மண்ணைக் கொத்தவும் வேண்டாம், வேர் மேலேதான் இருக்கிறது.