பதினொரு இரவுகளும் ஒரு ரஸ்க்கும்

பதினொரு இரவுகள் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காத்த பொறுமையை, நேற்றிரவு இரண்டேகால் மணிக்கு ஒரே ஒரு ரஸ்க்கால் என் சித்தப்பா உடைத்துவிட்டார். நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒருவர் விருந்தாளியாக வருகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீரன் எட்டு மாதச் சிப்பிப்பாறை. முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் என்பதால், ஓடவிடாமல் கட்டிப்போட்டால் அது முனகத்தான் செய்யும். அதனால் தினமும் விடியற்காலையிலும் மாலையிலும் குறுக்குத்துறை ஆற்றங்கரைக்குக் கூட்டிச் சென்று, நாக்குத் தொங்க ஓடவிட்டுத்தான் திரும்புகிறேன். அப்படியும் இரவு முழுவதும் சிணுங்கியதால், சங்கரன்கோவில் சாலையில் உள்ள ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காதில் புண்ணில்லை, பாதத்தில் முள்ளில்லை, வயிற்றிலும் கோளாறில்லை. முனகும்போதெல்லாம் நாங்கள் எழுந்து போய் எதையாவது வாயில் கொடுத்ததால், முனகினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். வலியாலோ தனிமைப் பயத்தாலோ அழும் நாயை அழவிடக் கூடாது. பழக்கத்தால் கேட்டு அழும் நாய்க்கு அழுகை நின்ற பிறகுதான் அன்பு காட்ட வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

இந்த வைத்தியத்தைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். முதல் இரவு இரண்டு மணி நேரம் முனகியது. மூன்றாம் இரவு அது ஊளையாக மாறியது. கிடைத்துவந்தது திடீரென்று நின்றுவிட்டால், அடங்குவதற்கு முன் எந்த உயிரும் ஒருமுறை உச்சத்துக்குப் போகும் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். நாய் ஊளையிட்டால் எமன் வாசலில் நிற்கிறான் என்று எதிர்வீட்டு ஆச்சி மறுநாள் சொன்னதையும் பொறுத்துக்கொண்டேன். ஏழாம் இரவு நாற்பது நிமிடம், ஒன்பதாம் இரவு பத்து நிமிடம் என்று நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன். பதினொன்றாம் இரவு ஒரு சத்தமும் இல்லை. விடிந்ததும் அதைக் கட்டிக்கொண்டபோது என் கண் கலங்கியது.

பன்னிரண்டாம் இரவுதான் நேற்று. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா பட்டாசலில், அதாவது கூடத்தில், படுத்திருந்தார். தாழ்வாரமான தார்சாவில் கிடந்த வீரன் புது ஆள் வாசனைக்கு ஒரு தடவை, மெல்லிய குரலில், முனகியது. அரை நிமிடம் விட்டிருந்தால் அடங்கியிருக்கும். அதற்குள் ரஸ்க் கவரைப் பிரிக்கும் சரசரப்பு கேட்டது. மாடியில் படுத்திருந்த எனக்கே கேட்டதென்றால் வீரனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! முனகல் உடனே இரட்டிப்பானது. நான் படியிறங்கி ஓடிவருவதற்குள் ரஸ்க்கை ஜன்னல் கம்பி வழியே நீட்டிவிட்டார்.

"ஏம் சித்தப்பா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"வாயில்லாச் சீவன் அழுதுக்கிட்டுக் கெடக்கு, ஒனக்கு எப்படில உறக்கம் வருது? ஒரு ரஸ்க்குல என்ன வந்துரப் போவுது?"

என்ன வந்துவிடப் போகிறது? எல்லாமே வந்துவிடும். எலிகளையும் புறாக்களையும் வைத்து ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எப்போதோ நிரூபித்துவிட்டார்: ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்துவந்த பழக்கத்தைவிட, எப்போதாவது ஒருமுறை கிடைத்துவந்த பழக்கம்தான் அழிப்பதற்குக் கடினமானது. பதினொரு நாள் மறுத்துவிட்டுப் பன்னிரண்டாம் நாள் கொடுத்தால், பன்னிரண்டு நாள் விடாமல் அழ வேண்டும் என்றுதான் அந்தக் குட்டி புரிந்துகொள்ளும். இதைச் சொன்னால் நான் கல்நெஞ்சக்காரன், ரஸ்க் கொடுத்தவர் கருணையுள்ளவர். அவர் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவார். அதன் பிறகு ராத்திரி ராத்திரியாக, வராத ரஸ்க்குக்காகத் தொண்டை கட்டும்வரை அழப்போவது வீரன்தானே? அந்த அழுகையை அதற்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர் எப்படிக் கருணையாகும்?

இன்று மீண்டும் முதல் இரவு. மணி பதினொன்றாகிறது. சாப்பிட்டாயிற்று, ஓடவிட்டாயிற்று, ஒன்றுக்கும் கூட்டிச்சென்று வந்தாயிற்று. ரஸ்க் பாக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிவிட்டேன். வீரன் இத்தனை நாளும் என் மாடிப்படியின் கீழ்தான் சுருண்டு படுக்கும். இன்று பட்டாசல் ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்து, கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.